கட்டத்துக்கு ஒருத்தி

சோல்மோனை நான் முதன்முதலில் பார்த்தது, அவள் என் தபால் அலுவலகத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்கு வந்த அன்றுதான். வசந்தகாலத்துப் புழுதிக்காற்று கதவை உதைத்துக்கொண்டிருந்தது. நான் பென்ஷன் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நகரத்து மேல்கோட்டும் சிவப்புச் சால்வையுமாக ஒருத்தி உள்ளே வந்தாள். குளிர்காலம் எப்படிப் போனது, ஆடுகள் தேறிவிட்டனவா என்று ஒரு விசாரிப்புக் கிடையாது. நேராகக் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“உங்க ஆபீஸ்லேர்ந்து பயங்கர இரைச்சல் வருது. எல்லாத்தையும் கொஞ்ச நேரம் அணைக்கிறீங்களா?”

“இரைச்சலா? காலையிலேர்ந்து நான் ஒருத்திதான் இருக்கேன். இன்னும் வாயைக்கூடத் திறக்கலை. இப்போதான் திறக்கப்போறேன்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நகரத்துக்காரர்கள் பொதுவாகவே லேசில் சிரிக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. எங்களுக்கு நகரம் என்றால் ஒன்றுதான், தலைநகர் உலான்பாத்தர். நாட்டில் பாதிப் பேர் அங்கேதான் ஒருவர்மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். மீதிப் பாதி, அவர்கள் பாதை தவறி எங்கள் பக்கம் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவைக்கிறோம். இவள் பாதை தவறி வரவில்லை. புருஷன் லுவ்சானுக்கு மின்கம்பி போடும் வேலை இங்கே கிடைத்து, மார்ச் மாதம்தான் எங்கள் ஊர் ஷர்ஹாத்துக்குக் குடிவந்திருந்தார்கள். கடைசி வீட்டில் குடியிருந்தாள். வந்த மூன்றாம் நாளே கூரையிலிருந்து பக்கத்துக் கம்பம் வரைக்கும் ஒரு நீளக் கம்பியைக் கட்டிவிட்டாள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. துணி காயப்போட இவ்வளவு உயரமா என்று நானும் பேசினேன்.

அந்தக் கம்பிதான் விவகாரம். சோல்மோனுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, தந்தி அடிப்பதுபோலப் புள்ளியும் கோடுமாகத் தட்டி, முகம் தெரியாத நாட்டுக்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. பதினான்கு வயதில் பிடித்த பைத்தியம். இங்கே வந்தபோது அவளுக்கு நாற்பத்தொன்று. நகரத்தில் டிராலிபஸ் பணிமனையில் வேலை பார்த்தாள், பிள்ளை பெற்றாள், பிள்ளையைப் படிக்க வெளியூர் அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் விடவில்லை. இங்கே வந்த பிறகு மழலையர் பள்ளிச் சமையலறையில் உதவியாளாகச் சேர்ந்திருந்தாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அவளுடைய பெட்டியில் ஏதோ இரைச்சல் கேட்கிறது, அதற்குக் காரணம் நான் என்று அவள் சொல்கிறாள் என்பதுதான். கோபம் வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. என் அலுவலகத்தில் தொலைபேசிப் பெட்டிகள் உண்டு, அவை முனகுவதும் உண்டு. சரி, பார்த்துவிடலாம் என்று பிரதான சுவிட்சை இறக்கினேன். அவள் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

“அப்படியேதான் இருக்கு.”

“பார்த்தியா, நான் இல்லை. பக்கத்துக் கடை கொம்போவோட ஃபிரீஸர் கிழட்டு ஒட்டகம் மாதிரி கத்தும். அவனைப் போய்ப் பிடி.”

பிடித்தாள். கொம்போ முதலில் மறுத்தான். பிறகு ஊரார் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டதால், மறுத்தால் கஞ்சன் என்ற பேர் வந்துவிடுமே என்று அணைத்தான். பள்ளிக்கூடம், மருத்துவமனை வராந்தா, ஊர்த் தலைவர் வீட்டுத் தொலைக்காட்சி என்று வரிசையாக அணைந்தது. நகரத்தில் இப்படிக் கேட்டால் கதவைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள் என்று அவள் பிறகு சொன்னாள். எங்கள் ஊரில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். ஒருத்தி வீடு வீடாகப் போய் ஏதாவது கேட்டால், அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும், என்னதான் ஆகிறது என்று பார்க்கிற ஆசையிலேயே செய்துவிடுவோம். ஒரு மணி நேரம் ஷர்ஹாத் மொத்தமும் மின்சாரமில்லாமல் கிடந்தது. கொம்போவின் இறைச்சி கசிய ஆரம்பித்தது. இரைச்சல் மட்டும் போகவில்லை.

அவள் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் நின்றிருந்தோம். சோல்மோனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி லாரி பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

“எப்போ பார்த்தாலும் கத்துதா?”

“இல்லைக்கா. அதுதான் புரியலை. நான் யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடற வரைக்கும் சுத்தமா இருக்கு. கூப்பிட்டு முடிச்சுக் கையை எடுத்ததும் கொட்டுது. ஒரு வாரமா பெட்டியை நாலு தரம் பிரிச்சுப் பார்த்துட்டேன்.”

“நீ பேசற வரைக்கும் சும்மா இருந்துட்டு, நீ நிறுத்தினதும் கத்துதுன்னா, அது பதில் சொல்லுதுன்னு அர்த்தம்டி. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்” என்றேன்.

முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் கிண்டலுக்குத்தான் சொன்னேன், சத்தியமாக. ஆனால் சோல்மோன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மெல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டியில் ஒரு திருகைக் கடுகளவு, கடுகளவாகத் திருப்பினாள். பென்சிலை எடுத்தாள். ஓர் எழுத்து எழுதினாள். இன்னொன்று. அடித்தாள். வேறு எழுதினாள்.

“அக்கா. இது இரைச்சல் இல்லை.”

“பின்னே?”

“ஆளுங்க. எல்லாம் ஆளுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல என்னைக் கூப்பிடறாங்க.”

அவள் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். சத்தம் அறைக்குள் கொட்டியது. வசந்தத்தில் ஏரிக்கரையில் வந்து இறங்குகிற பறவைக் கூட்டத்தின் சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒன்றையொன்று பிரிக்கவே முடியாத கீச்சு. அதில் ஒவ்வொரு கீச்சும் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் என்று அவள் சொன்னாள். இத்தாலி, ஜப்பான், பின்லாந்து, எனக்குப் பேர் வாயில் நுழையாத தீவுகள். அத்தனை பேரும் எங்கள் ஊர்க் கடைசி வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷம் தபால் முத்திரை குத்தியிருக்கிறேன். எங்கள் ஊருக்கு வாரத்துக்கு ஒரு மூட்டை வந்தால் அதிகம்.

நகரத்தில் அவளுக்கு இந்த வாழ்வு கிடைத்ததே இல்லை. அங்கே லைசென்ஸ் உள்ளவர்கள் அறுபது பேர். சங்கம் உண்டு, சங்கத்துக்குப் பெரிய கட்டிடத்தின் மாடியில் நல்ல பெட்டி உண்டு, ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேச ஆட்கள் உண்டு. எது கெட்டுப்போனாலும் உதிரிபாகம் ஒருவர் பையிலிருந்து வரும். ஆனால் பெட்டியைத் தொட முறை உண்டு. அவள் முறை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம். அதிலும் யாராவது பெரிய மனிதர் வந்துவிட்டால், ‘சோல்மோன், நீ தேநீர் போடேன்’ என்பார்களாம். வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்றால், சுற்றி நானூறு குடித்தனம். நானூறு வீட்டுச் சார்ஜரும் விளக்கும் மோட்டாரும் காற்றில் கரகரக்கும். பால்கனியில் கம்பி கட்டினால் கட்டிடக் காவலாளி அறுத்துப்போடுவான். மூன்று தரம் அறுத்தானாம். அப்படியும் தப்பித்தவறி அவள் குரல் வெளியே போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நகரத்து ஆள் இன்னொன்று, அவ்வளவுதான்.

“ஏன், இங்க வந்ததும் உனக்கு என்ன கொம்பு முளைச்சுதா?” என்று கேட்டேன்.

அப்போதுதான் கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். இந்தப் பைத்தியக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒருவரோடாவது பேசிவிட வேண்டும், பேசியதற்குச் சாட்சியாக ஓர் அட்டை வாங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் தவம். நகரம் இருக்கிற கட்டத்தில் அறுபது பேர். எங்கள் கட்டத்தில் ஒட்டகம் இருக்கிறது, காட்டுக்கழுதை இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். ரேடியோக்காரர் மட்டும் யாருமே இருந்ததில்லை. உலகம் உண்டானதிலிருந்து இந்தக் கட்டத்திலிருந்து யாரும் வாய் திறந்ததில்லை. வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்த இடத்திலிருந்து ஒருநாள் திடீரென்று ஒருத்தி கூப்பிட்டால் எல்லாரும் விழுந்தடித்து ஓடி வர மாட்டார்களா?

“நகரத்துல அறுபதுல ஒருத்தி. இங்க ஒரு கட்டத்துக்கு ஒருத்தி” என்றாள். அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கும், சிரித்தால் அழகாகவே இருந்தாள்.

ஒரு மாலையில் இருநூறு பேருக்குப் பதில் சொல்லுவாள். ஆறு மாதத்தில் எனக்குத்தான் வேலை கூடியது. மூட்டை மூட்டையாக அட்டைகள். கங்காரு படம் போட்டது, பாலம் போட்டது, தாடிக்காரர் நாயோடு நிற்பது. எங்கள் ஊரில் தபால் வீட்டுக்குப் போகாது, ஆள்தான் வந்து வாங்கிப்போக வேண்டும். அதனால் அவள் வருவதற்குள் ஊரே அட்டைகளைப் பார்த்து முடித்திருக்கும். இது போட்டியா, ஜெயித்தால் குதிரை கொடுப்பார்களா என்று மல்யுத்தக்காரப் பையன்கள் விசாரித்தார்கள். அட்டை கொடுப்பார்கள் என்றேன். பாவம் என்றார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, இங்கே அவளுக்குக் குறையும் இருந்தது. எங்கள் ஊரில் பொழுதுபோக்கு என்றால் நாலு பேர் சேர்ந்து செய்வது. தாயக்கட்டைபோல ஆட்டின் கணுக்கால் எலும்பை உருட்டுவோம், சீட்டாடுவோம், பாடுவோம். ஒருத்தி தனியாக ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் உடம்புக்கு என்ன என்றுதான் கேட்போம். ஒரு தடவை பெட்டியில் சுண்டுவிரல் அளவு பாகம் ஒன்று எரிந்துபோய், அது நகரத்திலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவள் என் கவுன்ட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“அங்க கேட்கறதுக்கு ஆள் இருந்தாங்க, கேட்க முடியலை. இங்க எல்லாம் கேட்குது, ஒரு சந்தேகம் கேட்க ஆள் இல்லை” என்றாள்.

“என்னைக் கேளு.”

“உங்களுக்கு என்னக்கா தெரியும்?”

“முதல்ல கண்டுபிடிச்சதே நான்தானேடி” என்றேன். அன்றிலிருந்து சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போய், உப்புப் போட்ட பால் தேநீரைக் குடித்துக்கொண்டு அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

செப்டம்பர் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. சிலி நாட்டு முத்திரை. அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. எழுத்து பெரிது பெரிதாக, வரி சாய்ந்து கீழே இறங்கியது. சோல்மோன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து எனக்குச் சொன்னாள்.

எழுதியவர் பேர் எலியோதோரோ. வயது எண்பத்தொன்று. தெற்குச் சிலியில் ஒரு சின்ன ஊரில் ரொட்டிச்சூளை வைத்திருந்தவர். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் ஒரு ஊசியைக் குத்தி, தன் ஊரிலிருந்து பூமியை நேராகத் துளைத்தால் எங்கே வெளியே வரும் என்று பார்த்தாராம். ஊசி எங்கள் கோபிப் பாலைவனத்தில், எங்கள் கட்டத்தில் வந்து நின்றது. அப்போதிலிருந்து ஆசை. ரொட்டி அடுக்கி முடித்த கையோடு, விடிகிற நேரத்தில், காலுக்குக் கீழே இருக்கிற அந்த ஊரைக் கூப்பிட்டிருக்கிறார். பெட்டி வாங்கியதிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷம். அங்கே யாருமே இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார். இந்த வருஷம் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், தினமும் காலையில் கூப்பிடுகிறேன், என் பெட்டி சின்னது, உங்களைச் சுற்றிக் கூட்டம் பெரிது என்று எழுதியிருந்தார்.

கடைசிப் பத்தியைப் படிக்கும்போது சோல்மோனின் குரல் இறங்கிவிட்டது. அக்டோபர் பத்தாம் தேதி மகள் வந்து அவரைத் தலைநகருக்குக் கூட்டிப்போகிறாள். எட்டாவது மாடி. அங்கே கம்பி கட்ட விட மாட்டார்கள். ஒன்பதாம் தேதி காலைவரை கூப்பிடுவேன், அதன் பிறகு கம்பியை இறக்கிவிடுவோம்.

“டெலிபோன் நம்பர் போட்டிருக்காரா? நம்ம ஆபீஸ்லேர்ந்தே பேசிடலாமே” என்றேன்.

“போடலை. போட்டிருந்தாலும் அது ஆகாதுக்கா. அவருக்கு வேண்டியது பேச்சு இல்லை. இங்கேர்ந்து காத்துல போகணும்.”

அப்படி என்ன பிடிவாதம் என்று கேட்க வந்த நான் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிய மனிதரிடம் போய்ப் பின்வாசல் வழியாக வாருங்கள் என்றா சொல்வது?

கையில் பதினொரு நாள் இருந்தது. நேர் எதிர்ப்புறம் என்பதால் எங்களுக்குப் பொழுது சாயும்போது அவருக்கு விடியும். அந்த அரை மணி நேரம்தான் ரேடியோ அலைக்கு வழி திறக்கும். இன்னொன்றும் சொன்னாள், எனக்கு நம்பவே முடியவில்லை. பூமியின் நேர் மறுபக்கத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஒன்றுதானாம். ஆகவே அவர் தட்டுவது ஒரு பக்கமாக வராதாம். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று உலகத்தையே நாலாப்பக்கமும் அணைத்துக்கொண்டு சுற்றிவந்து, எங்கள் ஊரில் வந்துதான் மறுபடி ஒன்றுசேருமாம். நான் வீட்டுக்குப் போகிற வழியில் நின்று என் காலடியைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக நடக்கிற சரளைமண் அது. அன்றைக்கு அதில் காலை அழுத்தி வைக்கவே கூச்சமாக இருந்தது.

எட்டு மாலை முயன்றாள். கீச்சு, கீச்சு, கீச்சு. சிலிக்காரருக்காகக் காத்திருக்கிறேன் என்று தட்டுவாள், ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள். வேறு அலைவரிசைக்கு நழுவிப்போய் மெல்லக் கூப்பிடுவாள். இரண்டு நிமிஷத்தில் மோப்பம் பிடித்து மொத்தக் கூட்டமும் அங்கே வந்துவிடும். பாவமாகப் போய் நடுவில் நாலு பேருக்குப் பதில் சொல்லுவாள், அதற்குள் இருட்டிவிடும். ஒன்பதாவது நாள் புழுதிப்புயல், கம்பியில் பொறி பறந்தது, பெட்டியைத் தொடவே முடியவில்லை. பத்தாவது நாள் அவள் சாப்பிடவில்லை என்று லுவ்சான் என்னிடம் வந்து சொன்னான். நல்ல பையன், மின்கம்பத்தை நட்டுவிடுவான், பெண்டாட்டியைத் தேற்றத் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. சோல்மோன்மேல்தான்.

“உனக்குக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கத் தெரியலைடி. பென்ஷன் நாள் அன்னைக்கு என் ஆபீஸுக்கு வந்து பாரு. எண்பது பேர், எண்பது பேரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. நான் என்ன பண்றேன்?”

“திட்டுவீங்க.”

“திட்டினா இன்னும் கத்துவாங்க. நான் பேனாவை மூடி வெச்சுட்டு ஜன்னலைச் சாத்திடுவேன். ஒரே வார்த்தைதான் சொல்லுவேன். ‘காது கேட்காத டுல்மா மட்டும்.’ அதுக்கு அப்புறம் எவன் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. மறுபடியும் அதே வார்த்தை. நீ நாலு பேருக்குப் பாவம் பார்த்துப் பதில் சொன்னியே, அதான் தப்பு. ஒருத்தனுக்குக் கிடைச்சா எல்லாரும் நமக்கும் கிடைக்கும்னு கத்துவான். சாத்துடி ஜன்னலை.”

“அவங்க எல்லாம் தூரதேசத்துக்காரங்க அக்கா. போயிட்டா திரும்பி வர மாட்டாங்க.”

“போகட்டுமே!”

அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும். இருபத்தேழு வருஷம் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு, இப்போதுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்து என்றால் யாருக்குத்தான் கை வரும்?

ஒன்பதாம் தேதி மாலை. காற்று சுத்தமாக நின்றிருந்தது. நானும் லுவ்சானும் சுவரோரம் கிடந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தோம். சோல்மோன் சத்தத்தை அறைக்குத் திறந்துவிட்டு, முன்னால் காகிதத்தை வைத்துக்கொண்டாள். ஜன்னலில் சூரியன் தரையைத் தொட இன்னும் ஒரு விரல்கடை இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டாள். பறவைக்கூட்டம் இறங்கியது. முன்பு எப்போதையும்விடப் பெரிய கூட்டம்.

அவள் தட்டினாள். “சிலி எலியோதோரோ மட்டும். மற்றவர் பொறுக்கவும்.”

கீச்சு ஓயவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே வார்த்தைகள். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். யாரோ அவளுக்கு ரொம்பப் பிடித்தவர்போல, ஒரு சத்தத்தைக் கேட்டதும் கை தட்டுகிற தந்திச் சாவிக்குப் போனது. தானே இழுத்துக்கொண்டாள். ஐந்தாவது தடவை தட்டியபோது ஏதோ மாறியது. கூட்டத்துக்குள்ளேயே சிலர் அவள் தட்டியதைத் திருப்பித் தட்டத் தொடங்கினார்கள். “சிலி மட்டும். பொறு. பொறு.” சோல்மோனின் பென்சில் அதை எழுதிக்கொண்டே போனது. ஒரு ஜெர்மன்காரர். ஒரு கொரியாக்காரர். அடுத்தவர்களைப் பார்த்து அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு சத்தம் நின்றது.

மெல்ல மெல்லக் குறையவில்லை. நின்றது. பெட்டியிலிருந்து வெறும் மூச்சுபோல ஒரு ‘ஸ்ஸ்’ மட்டும் வந்தது.

“மிஷின் செத்துப்போச்சா?” என்று கிசுகிசுத்தேன்.

“இல்லைக்கா. இருக்காங்க.” அவள் உதடு மட்டும் அசைந்தது. “எல்லாரும் அங்கேயேதான் இருக்காங்க.”

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் பென்ஷன் வரிசையை அடக்கியிருக்கிறேன், அது எண்பது பேர். இது எத்தனை நாடு, எத்தனை வீடு? ஒரு இடத்தில் நள்ளிரவு, ஒரு இடத்தில் மத்தியானச் சாப்பாடு. ஆயிரக்கணக்கான கைகள் சாவிமேல் இருந்தும் தட்டாமல் இருந்தன. எங்கள் ஊர் மழலையர் பள்ளியில் உருளைக்கிழங்கு உரிக்கிற ஒருத்தி பொறுங்கள் என்று சொன்னதற்காக, யாரென்றே தெரியாத ஒரு ரொட்டிக்காரருக்காக, உலகம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. லுவ்சான் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு நின்றான் என்று தெரியாது, நானும் நின்றேன்.

அந்த ‘ஸ்ஸ்’ஸுக்குள் ஏதோ ஒன்று இருந்தது. முதலில் என் காதின் கற்பனை என்று நினைத்தேன். சோல்மோனின் பென்சில் காகிதத்தைத் தொட்டது. ஓர் எழுத்து. நீண்ட இடைவெளி. இன்னோர் எழுத்து. தட்டுகிற கை நடுங்குகிறது என்பது எனக்கே கேட்டது. கோடு பாதியில் உடைந்தது, புள்ளி இரண்டு தரம் விழுந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். யாரும் குறுக்கே வரவில்லை. சூரியன் தரைக்குள் பாதி இறங்கியிருந்தது. அவர் ஜன்னலில் அந்தப் பாதி அப்போது மேலே வந்துகொண்டிருக்கும். அவர் பேர் முழுசாகக் காகிதத்தில் வந்து சேர்ந்தது.

சோல்மோன் பதில் தட்டினாள். இவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருவர் தட்டுவது எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று அவருக்கு மதிப்பெண் சொல்ல வேண்டும். உண்மையில் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஒன்பது ஒன்பது என்று முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள், கல்யாண வீட்டில் சாப்பாடு பிரமாதம் என்று சொல்வதுபோல. அவள் மூன்று ஒன்று ஒன்பது என்று தட்டினாள். அரைகுறையாக, எழுத்தெழுத்தாக, சிரமப்பட்டுத்தான் கேட்கிறது என்று அர்த்தம்.

“கிழவர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லிட்டியே” என்றான் லுவ்சான்.

“உண்மையாக் கேட்டேனே” என்றாள் அவள்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் அந்த எண்ணையே திருப்பித் தட்டினார். மூன்று. ஒன்று. ஒன்பது. நிறுத்திவிட்டு மறுபடியும், மூன்று, ஒன்று, ஒன்பது. அதன் பிறகு ஒரே வார்த்தை, பென்சிலால் சோல்மோன் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘கேட்டுவிட்டாய்.’

சோல்மோனின் கண்ணீர் காகிதத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. விடைபெறும்போது இவர்கள் எல்லோரும் இரண்டே இரண்டு புள்ளி தட்டுவார்கள், டிட் டிட் என்று. அவள் அதைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். அவரிடமிருந்து பதில் இல்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வழி மூடிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போது வேறு யாரோ, தெளிவாக, டிட் டிட். அடுத்து ஒருவர். இன்னும் இரண்டு பேர். அப்புறம் பத்து, இருபது. அவளைக் கூப்பிடவில்லை, தங்கள் பேர் சொல்லவில்லை, கட்டம் கேட்கவில்லை. காத்திருந்த அத்தனை பேரும் அந்தக் கிழவருக்கு விடைகொடுத்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழாமல், ஒருவர் முடிக்க இன்னொருவர், கோடைமழை தகரத்தில் விழத்தொடங்குவதுபோல விழுந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அறை இருட்டிவிட்டது, விளக்குப் போட யாருக்கும் கை வரவில்லை.

கடைசியில் அவர்களும் ஓய்ந்தார்கள். மறுபடி அந்த மூச்சுச் சத்தம். சோல்மோன் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினாள்.

நாலாப்பக்கமும் சுற்றி வந்து, நடுக்கத்தோடு, ஒரு புள்ளி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.